காமர்ஸ் படித்த பெண் பைலட் ஆகலாமா? சிபிஎல் (வணிக விமானி உரிமம்) தகுதி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரூர்_தேவி
எல்லோருக்கும் வணக்கம். மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், காமர்ஸ் குரூப், கணக்குப் பாடம் கிடையாது. வயது பதினேழரை. திடீரென்று பைலட் ஆகப்போகிறேன் என்கிறாள். கண்ணாடி போடுகிறாள், பவர் மைனஸ் மூன்று. ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம், எல்லாம் முடியும், இந்த வாரமே ஐந்து லட்சம் அட்வான்ஸ் கட்டினால் சீட் உறுதி என்கிறார்கள். என் வீட்டுக்காரர் கட்டிவிடலாம் என்கிறார், எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. உண்மையில் என்னதான் தகுதி வேண்டும்? டிகிரி வேண்டுமா? கண்ணாடி போட்டால் எடுக்க மாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், அது சரியா?

சும்மா_வந்தவன்
கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது அக்கா. உயரமும் 162 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். என் நண்பன் இதில்தான் அவுட் ஆனான்.

இடது_சீட்
மேலே சொன்னது விமானப்படைக்கான கணக்கு தம்பி. பயணிகள் விமானத்துக்கு அது செல்லாது. நம் ஊரில் பாதிப் பேர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் ஆசையையே விட்டுவிடுகிறார்கள்.

அக்கா, நான் ஏ320 பயணிகள் ஜெட் ஓட்டுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டுதான். சிவில் விமானத்துக்கு உரிமம் தருவது டிஜிசிஏ. அவர்களுடைய முதல் வகுப்பு மருத்துவச் சோதனையில் கண்ணாடியுடன் ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வந்தால் போதும். கூடுதலாக ஒரு ஜோடி கண்ணாடி கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுவார்கள், அவ்வளவுதான். உயரத்துக்கு என்று சிபிஎல் விதியில் ஒரு எண் கிடையாது. சில பள்ளிகள் தாமாக வைத்திருக்கின்றன, உதாரணமாக உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் அரசுப் பயிற்சிக்கழகமான இக்ருவாவில் 158 சென்டிமீட்டர் கேட்பார்கள்.

டிகிரி வேண்டாம். சிபிஎல் வாங்க 18 வயது முடிந்திருக்க வேண்டும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். பயிற்சியை அதற்கு முன்பே தொடங்கலாம், மாணவர் உரிமத்துக்கு 16 வயதும் பத்தாம் வகுப்பும் போதும்.

உங்கள் மகளுக்கு இப்போது இடிக்கும் இடம் அந்த இரண்டு பாடங்கள் மட்டும்தான். அட்வான்ஸ் கட்டாதீர்கள். மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன், டியூட்டிக்குக் கிளம்புகிறேன்.

பறக்கும்_பல்லடம்
நானும் காமர்ஸ்தான் அக்கா. இப்போது பயிற்சியில் இருக்கிறேன், சோலோ, அதாவது தனியாகப் பறப்பது, முடிந்துவிட்டது. திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் இயற்பியல், கணிதம் இரண்டை மட்டும் தனியாகப் பதிவு செய்து எழுதலாம், முழு பிளஸ் டூவையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. டிஜிசிஏ அதை ஏற்றுக்கொள்கிறது. இயற்பியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "நீங்கள் வரவே வேண்டாம், சான்றிதழ் வீட்டுக்கு வரும்" என்று பேர் தெரியாத போர்டு பெயரைச் சொல்லிக்கொண்டு ஏஜென்ட்கள் வருவார்கள். டிஜிசிஏ மதிப்பெண் பட்டியலை அந்த போர்டிடமே கேட்டுச் சரிபார்க்கும். 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய பைலட்கள் பிடிபட்டுக் கைதானது பெரிய செய்தியாக வந்தது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

பழைய_நேவிகேட்டர்
இந்த இயற்பியல் கணித விதி எங்கள் காலத்தில் இல்லை. 1990களின் நடுப்பகுதி வரை பத்தாம் வகுப்பு தேறியவர்கள் சிபிஎல் வாங்கினார்கள், அவர்களில் பலர் கேப்டனாகி ஓய்வும் பெற்றுவிட்டார்கள். கலை, வணிகவியல் மாணவர்களுக்கும் திறந்துவிடலாமா என்று 2025இல் டிஜிசிஏ தரப்பிலேயே பேச்சு வந்தது. வந்தால் நல்லதுதான். ஆனால் அதை நம்பிக் காத்திருக்காமல் அந்த இரண்டு பரீட்சையையும் எழுதிவிடுவது புத்திசாலித்தனம். காற்று ஒரு பக்கம் தள்ளும்போது எந்தத் திசையில் மூக்கை வைத்தால் ஊர் போய்ச் சேரலாம் என்பதெல்லாம் பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான், பயப்பட ஒன்றுமில்லை.

சும்மா_வந்தவன்
சரி, பாடம் இருக்கிறது, கண் ஓகே, பணம் இருக்கிறது. அவ்வளவுதானே? கட்டினால் பைலட்.

இடது_சீட்
அந்த "அவ்வளவுதானே"வில்தான் குடும்பங்கள் வீட்டை அடகு வைக்கின்றன. வரிசை முக்கியம். யார் என்ன சொன்னாலும் முதலில் மருத்துவம், அதற்கு அப்புறம்தான் பணம்.

முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவம். டிஜிசிஏ பட்டியலில் இருக்கும் மருத்துவர்கள் சென்னை, கோவை என்று பல ஊர்களில் இருக்கிறார்கள், சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. இதை வைத்துப் பயிற்சி தொடங்கலாம் என்பதால் பள்ளிகள் இத்தோடு நிறுத்திப் பணத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் சிபிஎல்லுக்கு வேண்டியது முதல் வகுப்பு மருத்துவம். பெங்களூரில் இருக்கும் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையம், டெல்லியில் இருக்கும் மையம் போன்ற இடங்களில் அதைச் செய்வார்கள். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், காது கேட்கும் திறன், கண்ணில் மருந்து விட்டு விழித்திரை வரை எல்லாம் பார்ப்பார்கள். நிறக்குருடு இருக்கிறதா என்று புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். ஆண்களில் சுமார் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு, பெண்களில் மிக அரிது, அதனால் உங்கள் மகளுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது.

முடிவு மூன்று விதமாக வரும். தகுதி, தற்காலிகத் தகுதியின்மை, நிரந்தரத் தகுதியின்மை. இரண்டாவது வந்தால் அழ வேண்டாம், எடை அதிகம், ரத்தச்சோகை என்று திருத்தக்கூடிய காரணங்களாகவே பெரும்பாலும் இருக்கும், சரிசெய்துகொண்டு திரும்பப் போகலாம். மூன்றாவதுக்கும் மேல்முறையீடு உண்டு.

முதல் வகுப்புச் சான்று கையில் வரும் வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. நாற்பது லட்சம் செலவழித்த பிறகு இதயத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரியவந்த பையனை எனக்குத் தெரியும்.

வெயிலூர்_எஃப்ஓ
பெண் பைலட் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் பைலட்களில் பெண்கள் சுமார் 15 சதவீதம், உலக சராசரியைவிட இது இருமடங்குக்கும் மேல். அதனால் "பொண்ணுக்கு எதுக்கு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தேர்வோ மருத்துவமோ பறக்கும் நேரமோ எதிலும் சலுகையும் இல்லை, கூடுதல் நிபந்தனையும் இல்லை. கர்ப்ப காலத்தில் மட்டும் மருத்துவத் தகுதிக்குத் தனி விதி உண்டு. 2022 ஆகஸ்டில் திருநர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதலையும் டிஜிசிஏ வெளியிட்டது, கேரளத்தின் ஆடம் ஹாரி போராடியதற்குப் பிறகு.

லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். செய்தால் அதன்பின் சில மாதங்கள் காத்திருந்து, பார்வை நிலையாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். கண்ணாடியோடே தேற முடியும்போது எதற்கு அந்த வேலை.

கரூர்_தேவி
ரொம்ப நன்றி. கன்சல்டன்சியில் மருத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 200 மணி நேரம் என்று ஏதோ சொன்னார்கள், அது என்ன கணக்கு?

பறக்கும்_பல்லடம்
இதில் நான் இப்போது மூழ்கிக் கிடக்கிறேன், அதனால் சொல்கிறேன். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு பைலட்டாக. அதற்குள் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி, அதிலும் ஒரு பயணம் குறைந்தது 300 கடல் மைல் இருக்க வேண்டும், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி முழுவதும் நிறுத்தி ஏற வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது 10 மணி நேரம், அதில் 5 வரை சிமுலேட்டரில் செய்யலாம். இரவில் 5 மணி நேரம், பத்து முறை ஏறி பத்து முறை இறங்கி. கடைசி நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. விண்ணப்பிக்கும் முந்தைய ஆறு மாதத்துக்குள் பொறுப்பு பைலட்டாக 15 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு தனி. நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், டெக்னிக்கல் ஜெனரல், நீங்கள் ஓட்டும் விமானத்தைப் பற்றிய டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். வானிலையைச் சாதாரணமாக நினைத்துப் போய் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. ரேடியோவில் பேசுவதற்கு ஆர்டிஆர் என்று இன்னொரு உரிமம். முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது, 2024ஆம் ஆண்டின் பாரதிய வாயுயான் சட்டம் வந்த பிறகு அது டிஜிசிஏ கைக்கு மாறிவிட்டது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலையாவது வர வேண்டும். தமிழ் மீடியம் பிள்ளைகள் இதற்குப் பயப்படுகிறார்கள், தேவையே இல்லை. இலக்கியம் கேட்க மாட்டார்கள், சொன்னது புரிகிறதா, நீ சொன்னது எதிரில் இருப்பவனுக்குப் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

பழைய_நேவிகேட்டர்
200 மணி நேரம் என்பது எவ்வளவு குறைவு என்று யாராவது யோசித்தீர்களா? 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்த பிறகு அமெரிக்காவில் துணை பைலட்டுக்கே 1500 மணி நேரம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இங்கே 200 முடித்த பிள்ளை, குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் முடித்த கையோடு 180 பேர் உட்கார்ந்திருக்கும் ஜெட்டின் வலது சீட்டில்.

இடது_சீட்
ஐயா, உங்கள் மீது மரியாதை உண்டு, ஆனால் அந்த உதாரணம் உங்கள் வாதத்துக்கே எதிரானது. விழுந்த அந்த விமானத்தின் இரண்டு பைலட்டுக்குமே 1500க்கு மேல் இருந்தது. அங்கே பிரச்சினை களைப்பும், விமானம் ஸ்டால் ஆகும்போது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது, மூக்கைக் கீழே தள்ளாமல் மேலே இழுத்ததும். சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தில் விளம்பரப் பதாகையை இழுத்துக்கொண்டு ஆயிரம் மணி நேரம் கடற்கரையைச் சுற்றினால் ஜெட் ஓட்டக் கற்றுக்கொள்வோமா? ஐரோப்பாவிலும் 200ஐ ஒட்டிய நேரத்தோடு ஜெட்டில் ஏற்றுகிறார்கள். சிமுலேட்டரும், பக்கத்தில் உட்காரும் பயிற்றுநர் கேப்டனும் சரியாக இருந்தால் நடக்கும்.

பழைய_நேவிகேட்டர்
"சரியாக இருந்தால்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பறக்காமலே மணி நேரத்தை எழுதிக்கொண்டு லாக் புக்கில் பேனாவால் பறந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த 200 மணி நேரம் உண்மையிலேயே வானத்தில் கழிந்திருந்தால் எனக்குப் புகாரில்லை.

இடது_சீட்
அதில் நமக்குள் சண்டை இல்லை.

முன்னாள்_வங்கிக்காரன்
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்தியாவில் சிபிஎல், இரட்டை எஞ்சின் ரேட்டிங் சேர்த்து 45 முதல் 60 லட்சம். அதற்கு மேல் ஏ320 அல்லது 737 டைப் ரேட்டிங் 15 லட்சத்துக்குக் குறையாது. விமான நிறுவனங்களே ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டத்தில் போனால் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தாண்டும். அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குத் தனியாக ஒரு சதவீதமும் கேட்பார்கள். வெறும் பாஸ் போதாது.

கல்விக்கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். படிப்புக் காலமும் ஒரு வருடமும் கழித்துத் தவணை தொடங்கும். வட்டி அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய வரி முறையில் இருந்தால் எட்டு வருடம் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு.

முழுத் தொகையையும் முன்கூட்டி எந்தப் பள்ளிக்கும் கட்டக் கூடாது. பறந்த மணி நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்று எழுத்தில் வாங்குங்கள். வங்கியும் கட்டம் கட்டமாகத்தான் பணம் விட வேண்டும், அது உங்களுக்கும் நல்லது.

திரும்பி_வந்தவன்
இதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வெளிநாட்டில் ஒரு பள்ளியில் பயின்றேன், பெயர் வேண்டாம். பன்னிரண்டு மாதம் என்றார்கள். போய்ப் பார்த்தால் விமானத்தைவிட மாணவர்கள் பல மடங்கு, பாதி விமானம் உதிரிப்பாகத்துக்குக் காத்துக் கிடந்தது. காலையில் பேரைப் போர்டில் எழுதுவார்கள், மதியம் அழிப்பார்கள்.

எப்படியோ முடித்து ஊர் வந்தால் அந்த உரிமம் இங்கே நேரடியாகச் செல்லாது. டிஜிசிஏ தேர்வு எழுத வேண்டும், அந்த நாட்டு ஆணையத்திடமிருந்து சரிபார்ப்புக் கடிதம் வர வேண்டும். தேர்வு முடிந்து கடிதம் வருவதற்குள் மேலே பல்லடம் சொன்னாரே, கடைசி ஆறு மாதம், அந்தக் கெடு காலாவதி ஆகிவிட்டது. திரும்ப இங்கே ஒரு கிளப்பில் காசு கட்டிப் பறந்து, ஸ்கில் டெஸ்ட் கொடுத்து, அதன் பிறகுதான் இந்திய சிபிஎல். வெளிநாடு போவதாக இருந்தால் டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகளை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

இப்போது கையில் உரிமம் இருக்கிறது, டைப் ரேட்டிங் இல்லை, வேலையும் இல்லை. 2023இல் மட்டும் 1622 சிபிஎல் கொடுத்தார்கள். அதே வருடம் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றது, அதற்கு முன் 2019இல் ஜெட் ஏர்வேஸ். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களும் எங்களோடு வரிசையில் நின்றார்கள். பைலட் பற்றாக்குறை என்று செய்தியில் வருவது கேப்டன்களுக்கு. 200 மணி நேரக்காரர்களுக்கு இல்லை.

சும்மா_வந்தவன்
அண்ணா, அப்போ கேப்டன் ஆக என்ன வேண்டும்?

இடது_சீட்
ஏடிபிஎல் என்ற உரிமம். 21 வயது, 1500 மணி நேரம், அதற்குத் தனித் தேர்வுகள். அது வாங்கிய மறுநாளே கேப்டன் ஆக்கிவிட மாட்டார்கள், நிறுவனம் தன் பங்குக்கு இன்னும் சில ஆயிரம் மணி நேரம் எதிர்பார்க்கும். 65 வயது வரை பறக்கலாம். அதுவரை ஒவ்வொரு வருடமும் மருத்துவம், 60க்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எங்கள் வேலையில் பிரமோஷனைவிட அந்த ஈசிஜி காகிதத்துக்குத்தான் அதிகம் பயப்படுவோம்.

திரும்பி வந்த தம்பி சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அக்காவை அது பயமுறுத்திவிட வேண்டாம். விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பது அலை அலையாக வரும். பிள்ளைக்கு இப்போது பதினேழரை, பாடம் எழுதி, மருத்துவம் முடித்து, பயிற்சி முடிக்கவே இருபத்தொன்று ஆகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உரிமம் வந்த பிறகு இரண்டு மூன்று வருடம் வேலை இல்லாமல் வட்டி கட்ட வீட்டால் முடியுமா? முடியும் என்றால் இறங்குங்கள். இருக்கிற ஒரே வீட்டை வைத்துத்தான் என்றால் நான் வேண்டாம் என்பேன். அவளை ஏதாவது டிகிரியில் சேர்த்துவிட்டு, கூடவே இயற்பியல் கணிதம் எழுதவிட்டு, இக்ருவா நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யச் சொல்லுங்கள். அங்கே பொதுப்பிரிவுக்கு அந்தப் பாடங்களில் 50 சதவீதம் வேண்டும், எஸ்சி எஸ்டி ஓபிசிக்கு 45. கட்டணம் அங்கேயும் குறைவில்லை, ஆனால் பேர் உண்டு. குளிர்கால மூடுபனியில் அந்தப் பக்கம் சில வாரம் விமானம் எழும்பாது, அது வேறு கதை.

வெயிலூர்_எஃப்ஓ
பள்ளியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். ஓடும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர், பயிற்றுநர் எத்தனை பேர், இரவுப் பயிற்சி அங்கேயே உண்டா அல்லது வேறு ஊருக்கு அனுப்புவார்களா, போன வருடம் சேர்ந்தவர்கள் இப்போது எத்தனை மணி நேரத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேன்டீனில் டீ குடிக்கும் பையன்களிடம் கேட்டால் இன்னும் சரியான பதில் வரும். 2025 முதல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசையும் வெளியிடுகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரூர்_தேவி
மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்தோம். கன்சல்டன்சிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், சீட் போய்விடும் என்று இரண்டு முறை போன் வந்தது. கோவையில் இரண்டாம் வகுப்பு மருத்துவத்துக்கு நேரம் கேட்டிருக்கிறோம், என்ஐஓஎஸ் பதிவும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னொரு சந்தேகம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவள் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, ஆதாரில் அப்பா பெயர் முழுவதும் சேர்ந்து வருகிறது. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. பிரச்சினை ஆகுமா?

பறக்கும்_பல்லடம்
ஆகும் அக்கா, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மாட்டும் இடம் இது. டிஜிசிஏவின் இணையச் சேவையான இஜிசிஏ தளத்தில் கணக்குத் தொடங்கும் முன்பே சரிசெய்யுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்து, இனிஷியலை விரித்து எழுதி பாஸ்போர்ட் எடுங்கள். ஆதாரையும் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி மாற்றுங்கள். என்ஐஓஎஸ் பதிவிலும் அதே பெயர் வர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மதிப்பெண் பட்டியலிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் அலைய வேண்டியிருக்கும். மருத்துவத்துக்குக் கோவை போகும் தேதியைத் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை, பெயரை முதலில் முடியுங்கள்.